நூர் செல் பாடாத பாட்டு

1

அந்தப் பாட்டு காதில் விழுந்தபோது என் கையில் காகிதத் தட்டு, தட்டில் பாதி கடித்த மட்டன் ரோல்ஸ். ரோட்டர்டாமில் ஒரு வாடகை மண்டபம், ஞாயிற்றுக்கிழமை மதியம். அக்காவின் யாழ்ப்பாணத் தோழி மகளுக்குப் பிறந்தநாள். கேக் வெட்டியாகிவிட்டது. டி.ஜே. போட்ட குத்துப்பாட்டுக்குப் பிள்ளைகள் ஆடிக்கொண்டிருந்தார்கள். அக்கா மகள் ஹனாவும் அந்தக் கூட்டத்தில். தமிழில் ஒரு வாக்கியத்தை முழுசாக முடிக்க அவளுக்குப் பொறுமை கிடையாது, நடுவில் டச்சுக்குத் தாவிவிடுவாள். தமிழ்ப் பாட்டுக்கு ஆட்டம் மட்டும் பிசகாது.

மேல நெரையில மஞ்சு மூடுது மேஸ்திரி
ஆளு தெரியல, ஆடும் தெரியல மேஸ்திரி

இரண்டாம் அடி முடிந்ததும் நடுவில் ஒரு பஸ் ஹாரன். டி.ஜே. அதையே இரண்டு தரம் திருப்பிப் போட்டு ஆட்டத்தை ஏற்றினார். மற்றவர்களுக்கு அது எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய சத்தம். எனக்கு அது நீலகிரியில் கூடலூரிலிருந்து எங்கள் ஊர் தேவாலாவுக்கு வரும் மதிய பஸ். எங்கள் கடைக்குக் கீழே வளைவில் திரும்பும்போது அந்த டிரைவர் அப்படித்தான் அடிப்பார். ஒன்று நீளம், இரண்டு குட்டை.

எனக்கு எப்படித் தெரியாமல் இருக்கும்? அந்தப் பாட்டைப் பதிவு செய்தவன் நான். பதினைந்து வயதில், அத்தாவின் கடையில், ஒரு செல்போனில். அத்தா என்றால் எங்கள் வீட்டில் அப்பா, ஹனாவுக்கு நன்னா.

தட்டை வைத்துவிட்டு டி.ஜே.யிடம் ஓடினேன். “அண்ணே, இது யார் பாட்டுங்க?”

“உது நூர்செல் எண்டொரு ஆர்ட்டிஸ்ட், தம்பி. ரீமிக்ஸ் மெட்ராஸ்காரர் செய்தது. நூர்செல்லின்ர வேற பாட்டும் தேடினனான், ஒண்டும் அம்பிடேல்லை. ஒரு பாட்டோட காணாமப் போன ஆள் போல.”

திரையைக் காட்டினார். ‘அசல் கலைஞர்: நூர் செல்’ என்று இருந்தது. வியர்வை வழிய ஹனா வந்து எட்டிப் பார்த்தாள்.

“மாமா, நூர்செல் யாரு? ஃபேமஸா?”

“உன் நன்னாவோட கடை.”

“நன்னா பாடுவாங்களா?”

“நன்னா ரீசார்ஜ் பண்ணுவாங்க.”

திரும்பி வரும் டிராமில் எனக்கு உட்காரவே முடியவில்லை. மூன்று வருஷமாக நான் பார்க்கும் வேலை, இந்தத் துறைமுகத்துக்கு வரும் சரக்குப் பெட்டிகளின் பிறப்பு வளர்ப்பைப் பிளாக்செயினில் எழுதி வைக்கிற மென்பொருள். ஒரு வாழைப்பழப் பெட்டி எந்தத் தோட்டத்தில் புறப்பட்டது, எத்தனை கை மாறியது என்று உலகத்தில் யார் கேட்டாலும் சொல்ல முடியும். வாழைப்பழத்துக்கு இருக்கிற ஜாதகம் ஒரு பாட்டுக்கு ஏன் இல்லை? இந்தக் கேள்வி வந்தபோது நான் இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப் போய்விட்டது.

2

இந்த இடத்தில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

அத்தாவின் கடை தேவாலா பஜாரில், பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் ஊரில் இணையம் என்பது மழை நாளில் வராத ஒன்று, வெயில் நாளிலும் நம்ப முடியாத ஒன்று. பாட்டு வேண்டுமென்றால் மெமரி கார்டைக் கழற்றிக்கொண்டு எங்கள் கடைக்கு வருவார்கள். இரண்டு டீ விலைக்குக் கார்டு நிறையப் பாட்டு. ஏற்றிக்கொடுப்பது என் பொறுப்பு. பாட்டுக்குச் சொந்தக்காரர் என்று ஒருவர் இருப்பார், அவரிடம் கேட்க வேண்டும் என்பதெல்லாம் எங்கள் யாருக்கும் கனவில்கூட வந்ததில்லை. இன்று கலைஞர் உரிமை பற்றி நான் பேசினால், என் பள்ளிச் சீருடையே எழுந்து நின்று சிரிக்கும்.

எங்கள் பாட்டுகளைக் கூடலூர்க் கடைக்காரர்கள் அப்படியே நகல் எடுத்துக்கொண்டார்கள். எனக்குக் கோபம். நாங்கள் திருடியதை அவர்கள் திருடினால் கோபம் வராதா? ஒவ்வொரு பாட்டுக் கோப்பிலும் பாடியவர் பெயர், படத்தின் பெயர் எழுத மறைவாகச் சில கட்டங்கள் உண்டு. ஒரு மென்பொருளைப் பிடித்து, கடையில் இருந்த அத்தனை பாட்டிலும் பாடியவர் கட்டத்தில் ‘நூர் செல்’ என்று ஒரே அழுத்தில் நிரப்பினேன். தமிழ்நாட்டின் பாடகர் பாடகிகள் எல்லோரும் ஒரு மதியத்தில் எங்கள் கடையாக மாறினார்கள். அவர்களுக்கு நஷ்டமில்லை, குரலை வைத்தே ஊர் கண்டுபிடித்துவிடும்.

அந்த ஆடி மாதம்தான் மலர்க்கொடி அக்கா கடைக்கு வந்தார். நாலாம் நம்பர் லயத்துக்காரர்; தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு லயம் என்று பெயர். அவருடைய பெற்றோர் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலில் வந்தவர்கள். அக்காவும் கொழுந்து எடுக்கப் போய்க்கொண்டிருந்தார். “சினிமாப் பாட்டாவே ஏத்துறீங்களே தம்பி, எங்க பாட்டு ஒண்ணு ஏத்துவீங்களா?” என்றார். தகரக் கூரையில் மழை. போனை மேசையில் வைத்துப் பதிவு செய்தேன். பிறகு கம்ப்யூட்டரில் போட்டு, முன்னால் இருந்த பேச்சுச் சத்தத்தை வெட்டி, பாட்டு டக்கென்று தொடங்கும்படி செய்தேன். வழக்கம்போலப் பெயர்க் கட்டத்தில் ‘நூர் செல்’.

கார்டு கார்டாக அந்தப் பாட்டு மலைக்கு அந்தப் பக்கம் குந்தா வரைக்கும் போனது. இப்போது ரோட்டர்டாம் வரைக்கும் வந்திருக்கிறது.

3

பிளாக்செயின் என்றால் என்ன என்று ஊரில் கேட்பவர்களுக்கு நான் இப்படிச் சொல்வேன். ஒரு பேரேடு, அதன் நகல் ஆயிரம் பேரிடம் இருக்கிறது. ஒவ்வொரு பக்கமும் முந்தைய பக்கத்தோடு தைக்கப்பட்டது. ஒருவர் தன் நகலில் ஒரு பக்கத்தைக் கிழித்தால் மற்ற ஆயிரம் நகலும் காட்டிக்கொடுத்துவிடும். பாட்டை அதில் எழுதினால் யார் எழுதினார், யார் மெட்டமைத்தார், யார் பாடினார் என்பது எந்தக் கம்பெனி அலமாரியிலும் சிக்காது. ரீமிக்ஸ் செய்ய விரும்புகிறவன் அனுமதியை அங்கேயே கேட்கலாம். பாட்டு ஒலிக்கும்போதெல்லாம் உரியவருக்குரிய பங்கு, இடையில் யார் கையும் படாமல், தானாகப் போய்ச் சேரும்படி அதிலேயே ஒரு ஒப்பந்தத்தை நிரலாக எழுதி வைக்கலாம். வட்டாரப் பாடகர்கள், சினிமாவுக்கு வெளியே இருப்பவர்கள், இவர்களுக்கு இது ஒரு கதவு. இதை நான் இன்றும் நம்புகிறேன்.

நம்பிக்கை அதிகமானால் என் கை சும்மா இருக்காது. செவ்வாய்க்கிழமை மதிய உணவு இடைவேளையில், சாண்ட்விச்சைத் தின்றபடி, இருபது நிமிஷத்தில் முடித்தேன். வரிகள்: மலர்க்கொடி. மெட்டு: மலர்க்கொடி. பாடியவர்: மலர்க்கொடி. பொத்தானை அழுத்தினேன். பதின்மூன்று வருஷப் பாவத்தை ஒரு சாண்ட்விச் நேரத்தில் கழுவிவிட்ட நிம்மதி.

பிறகுதான் அத்தாவிடம் நம்பர் வாங்கி மலர்க்கொடி அக்காவைக் கூப்பிட்டேன்.

“யாரு, எப்பப் பாத்தாலும் காதுல ஒயரோட திரியுமே, அந்தத் தம்பியா? நாடு கடந்து போயும் ஒயரோடதான் இருக்கீங்களா?”

“இப்ப ஒயர் இல்லாதது வந்துருச்சுங்க அக்கா.”

“அப்ப கழுத்து தப்பிச்சுது.”

பாட்டைப் பற்றிச் சொன்னேன். அவர் குரல் மாறியது. விஷயம் எனக்கு முன்பே அவரை எட்டியிருந்தது. அக்காவும் லயத்துத் தோழிகளும் சேர்ந்து சில வருஷமாக ஒரு காணொளிச் சேனல் நடத்துகிறார்கள். வேலை முடிந்து பாடுவது, போனில் எடுத்து ஏற்றுவது. நாற்பதுக்கும் மேல் பாட்டு இருக்கிறது. போனில் இடம் பற்றாது என்று ஏற்றியதும் அழித்துவிடுவார்களாம். சேனலைத் தவிர வேறு எங்கும் நகல் இல்லை. போன மாதம் இந்தப் பாட்டையும் பாடி ஏற்றியிருக்கிறார்கள். அடுத்த நாளே முடக்கம். பாட்டு வேறொருவருடையது என்று கடிதம். ஏதோ தவறு என்று நினைத்து மறுபடி ஏற்ற, இரண்டாவது எச்சரிக்கை. ரீமிக்ஸ் செய்த சென்னைக் கம்பெனி முந்திக்கொண்டு தன் பேரில் பதிந்திருக்கிறது. கோப்பில் பாடியவர் ‘நூர் செல்’ என்று யாரோ ஒரு ஊர் பேர் தெரியாத ஆள். கேட்க யார் வரப்போகிறார்கள் என்ற தைரியம்.

“நான் பாடினது என்னோடது இல்லையாம் தம்பி. மூணாவது தரம் கடிதாசி வந்தா சேனலையே தூக்கிருவாங்களாம். பாட்டு அத்தனையும் போச்சு.”

“கவலையே படாதீங்க அக்கா. நான் உங்க பேர்ல எழுதிட்டேன். உலகம் அழிஞ்சாலும் அதை அழிக்க முடியாது.”

“என்னன்னு எழுதினீங்க?”

சொன்னேன்.

“மத்தவங்க?”

“எந்த மத்தவங்க?”

அந்தப் பக்கம் யாரோ கொழுந்துக் கூடையை இறக்கிவைக்கிற சத்தம் கேட்டது. அக்கா மெதுவாகச் சொன்னார். “அழிங்க தம்பி.”

“அழிக்க முடியாதுக்கா. அதுதான் அதோட சிறப்பே.”

“சிறப்பா!” என்று சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை. “எங்கப்பா அம்மா கப்பலேறறதுக்கு முன்ன காகிதம் எழுதினாங்க பாருங்க, அதுல எங்கம்மாவை எங்கப்பாவுக்குத் தங்கச்சின்னு எழுதிப்புட்டாங்க. யாரு எழுதினா, ஏன் எழுதினான்னு தெரியாது. அப்பா செத்தப்ப விதவைப் பென்சனுக்குப் போனோம். அண்ணன் செத்ததுக்குத் தங்கச்சிக்குப் பென்சன் உண்டாம்மான்னு கேட்டு ஆபீசே சிரிச்சுது. அந்தக் காகிதத்தை மாத்த எங்கம்மா சாகுற வரைக்கும் நடந்துச்சு. மாத்தல. நீங்க என்னடான்னா அழிக்க முடியாத புஸ்தகத்தைக் கண்டுபுடிச்சிட்டேன்னு போன் பண்ணுறீங்க.”

 

4

எனக்கும் ஒரு காகிதக் கதை உண்டு. நான் பிறந்தது ஆடி மாத அடைமழையில். பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போன ஜீப் நாடுகாணி ஏற்றத்தில் சேற்றில் மாட்டியதை அம்மா நூறு தரம் சொல்லியிருக்கிறார். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வயது பொருந்தட்டும் என்று தலைமை ஆசிரியர் மே மாதம் என்று போட்டுவிட்டார். பாஸ்போர்ட்டில் மே. இங்கே நகராட்சிப் பதிவேட்டில் மே. வருஷாவருஷம் மே மாதத்தில் அலுவலகத்தில் எல்லோரும் கைகுலுக்கி வாழ்த்துகிறார்கள். இங்கே பிறந்தநாள்காரன்தான் கேக் வாங்கி வர வேண்டும். தலைமை ஆசிரியர் செய்த கணக்குக்கு நான் மூன்று முறை கேக் வாங்கிவிட்டேன். இதை ஒரு வேடிக்கையாகத்தான் சொல்லித் திரிந்தேன். முதலில் எழுதியவன் பொய்யை எழுதினால் அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு முத்திரையும் அந்தப் பொய்யை இன்னும் உறுதியாக்கும் என்பது, மலர் அக்கா சிரித்த பிறகுதான் உறைத்தது.

என் பேரேடும் அப்படித்தான். எழுதியதை யாரும் திருத்திவிடாமல் அது காக்கும். எழுதியது உண்மையா என்று அதற்குத் தெரியாது. வாழைப்பழப் பெட்டிக்கு வாய் கிடையாது, அதனால் இத்தனை நாள் இந்தப் பிரச்சினை என் கண்ணில் படவே இல்லை.

அத்தாவைக் கூப்பிட்டேன். பழைய கம்ப்யூட்டர் இன்னும் இருக்கிறதா?

“இருக்குதுடா. மேல போன் கவர் பெட்டி அடுக்கி வெச்சிருக்கறேன். எலி ஒயரைக் கடிச்சிருக்குது.”

“அந்தப் பாட்டோட வெட்டாத பதிவு அதுல இருக்கும்ங்கத்தா. லோக்கல்னு ஒரு ஃபோல்டர்.”

“ஏன்டா, அவ்வளவு பாட்டுலயும் கடை பேரைப் போட்டப்பவே சொன்னேன், பாடுனவங்க பேரும் இருக்கட்டும்னு. என்ன சொன்ன? கட்டத்துல எடம் பத்தாதுங்கத்தான்னே.”

“சின்னப் பையன்ங்கத்தா.”

“இப்ப மட்டும் என்ன கெழவனாயிட்டியா? கேக்காம கொள்ளாம மறுபடியும் எழுதிருக்கற.”

இரண்டு நாளில் எலி கடித்த ஒயரை மாற்றி, கோப்பை அனுப்பிவிட்டார். மாஸ் ஆற்றங்கரைப் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டேன். முதலில் மழை. பிறகு உடைந்துகொண்டிருந்த என் குரல்: “அக்கா, ரெடி, பாடுங்க.”

“இருங்க தம்பி. மொதல்ல பெரட்டு போடணும்.”

தோட்டத்தில் காலையில் வேலைக்கு முன் வரிசையாக நிற்கவைத்துப் பெயர் கூப்பிடுவதற்குப் பெரட்டு என்று பெயர். ஆள் இருந்தால் குரல் கொடுக்க வேண்டும். குரல் வந்த பிறகுதான் பெயர் ஏட்டில் ஏறும்.

பதிவில் மலர் அக்கா கூப்பிடுகிறார். “மொத அடி மலர்க்கொடி, நான் இருக்கேன். ரெண்டாவது அடி சரோசா!”

“இருக்கேன்.”

“மூணாவது அடி காளியம்மா!”

“இருக்கேன்.”

“கடேசி அடி ராக்கு!”

“இருக்கேன்! என் பேரை மெதுவாச் சொல்லுடி, மேஸ்திரி காதுல விழுந்தா தராசுல என்னையும் சேத்து நிறுத்துருவாரு.” நாலு பேரின் சிரிப்பு.

நாலு பேர் வந்திருக்கிறார்கள். நனைந்துகொண்டு, கடைக்குள், என் எதிரில் நின்றிருக்கிறார்கள். எனக்கு ஒருவர்தான் நினைவிருந்தது, பெரிய குரலில் பாடியவர்; மற்ற குரல்களைப் பின்பாட்டு என்று கணக்கிலேயே எடுக்கவில்லை. அவர்கள் பாட்டுகள் அப்படித்தான் பிறக்குமாம். ஒரு நிரையில், அதாவது ஒரு செடி வரிசையில், கொழுந்து எடுப்பவர் ஓர் அடி போட்டால் அடுத்த நிரைக்காரர் அடுத்த அடியைப் போட வேண்டும். மற்ற இரண்டு அடியும் இதோ:

தராசுக்கு மட்டும் எப்படித் தெரியுது மேஸ்திரி
எங்க கொழுந்துல பனி ஒட்டினது மேஸ்திரி

ஈரக் கொழுந்து என்று எடை குறைப்பவரைக் கேட்கிற கேள்வி. இந்தக் கடைசிக் குத்து ராக்குவுடையது. பிறந்தநாள் மண்டபத்தில் பிள்ளைகள் கத்திக்கொண்டு ஆடியது இந்த அடிக்குத்தான்.

பெயர் சொன்ன அந்த நாற்பது விநாடியைத்தான் நான் குப்பை என்று வெட்டியிருந்தேன். வெட்டிய இடம்கூடத் தெரியாது, அவ்வளவு சுத்தம்.

5

முடக்கத்தை எதிர்த்து மறுப்புக் கொடுக்கலாம். படிவத்தை நான் படித்தேன். பாட்டுக்கு எத்தனை உரிமையாளர் இருந்தாலும் அத்தனை பேரும் கையெழுத்திட வேண்டும். இரண்டாவது எச்சரிக்கையிலிருந்து முப்பது நாள் கெடு. அதற்குள் போகாவிட்டால் இரண்டு எச்சரிக்கையும் நிலைத்துவிடும். அதற்கு மேல் அந்தக் கம்பெனி எந்தப் பாட்டின் மீது கை காட்டினாலும் சேனல் அவ்வளவுதான்.

சரோஜா அக்கா லயத்தில் இருக்கிறார். காளியம்மா இருக்கிறார். ராக்கு ஆறேழு வருஷம் முன்பு திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனவர். பழைய நம்பர் வேலை செய்யவில்லை.

என் அவசரப் புத்தி மறுபடி எட்டிப் பார்த்தது. “அக்கா, பேரேட்டுல உங்க பேர் மட்டும்தான இருக்குது. நீங்க ஒருத்தரே கையெழுத்துப் போடுங்க. சேனல் தப்பிச்சிரும். மத்தவங்களுக்கு அப்பறம் பாத்துக்கலாம்.”

“பெரட்டுல வராத ஆளுக்குப் பதிலா நான் இருக்கேன்னு கொரல் குடுத்தா அதுக்கு என்ன பேரு தெரியுமா தம்பி? களவு.”

“நாப்பது பாட்டும் போயிருங்க அக்கா.”

“போனா மறுபடி பாடிக்குவோம், தொண்டை எங்ககிட்டதான இருக்கு. ராக்கு ஒரு நாள் வந்து, ஏன்டி என் அடியை உன் பேர்ல வித்தியான்னு கேட்டா? அவ மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?” பிறகு, “போகக் கூடாதுன்னுதான் நானும் கெடந்து தவிக்கிறேன். சரோசா மக பாடின தாலாட்டு ஒண்ணு இருக்கு அதுல,” என்றார்.

அன்றைக்கு அலுவலகத்தில் நான் பெட்டிகளைத் தொடவில்லை. பாட்டுப் பதிவுக்கு நான் எழுதிய நிரலை முழுக்கக் கலைத்தேன். உலகத்தில் பாட்டைப் பிளாக்செயினில் ஏற்றத் துடிக்கிற என்னைப் போன்ற ஆட்கள் எல்லோரும் வேகத்தைப் பற்றியே பேசுகிறோம். ஒரு அழுத்து, பதிந்தாயிற்று. நான் இப்போது எழுதியிருப்பது மெதுவானது. ஒருவர் பாட்டைத் தொடங்கலாம். அதில் பெயர் வந்த ஒவ்வொருவரின் போனுக்கும் பதிவு போகும், எழுத்தாக இல்லை, வாசித்துக் காட்டும் குரலாக. அவரவர் தன் பெயரையும் தன் பங்கையும் கேட்டு, தன் குரலில் பதில் சொல்லி, தன் போனில் மட்டும் இருக்கும் ரகசிய எண்ணான சாவியால் ஒப்ப வேண்டும். ஒருவர் பாக்கி இருந்தாலும் பக்கம் தைக்கப்படாது. பல பேர் ஒப்பினால்தான் திறக்கும் பூட்டு இந்தத் துறையில் ஏற்கெனவே இருக்கிறது. நாங்கள் அதைப் பணப் பெட்டிக்கு மட்டும் மாட்டிவைத்திருந்தோம்.

பழைய தப்பை அழிக்க முடியாது. அதன் கீழே இன்னொரு வரி சேர்க்கலாம். சேர்த்துவிட்டேன்: ‘மேலே உள்ளது ரியாஸ் ஆகிய நான் கேட்காமல் எழுதியது. சரியானது பின்னால் வரும்.’ ஆயிரம் நகலிலும் என் அவசரம் இப்போது நிரந்தரமாக இருக்கிறது. இருக்கட்டும்.

ஹனா என் பக்கத்தில் உட்கார்ந்து வெட்டாத பதிவை நாலு தரம் கேட்டாள். நெரை என்றாலும் மேஸ்திரி என்றாலும் அவளுக்கு ஒன்றும் தெரியாது. இருந்தாலும் இப்போது வீட்டில் யார் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் “இருக்கேன்!” என்று ராக்குவின் தொனியில் கத்துகிறாள். அவள் அம்மாவுக்கு, என் சொந்த அக்காவுக்கு, தலைவலி.

6

கெடுவில் இன்னும் பதினேழு நாள் இருக்கிறது. விடுப்புக் கேட்டேன், காரணக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் ‘குடும்ப விஷயம்’ என்று எழுதினேன். அது ஒன்றும் பொய்யில்லை என்று தோன்றுகிறது. சனிக்கிழமை விமானம்.

திங்கட்கிழமை மலர் அக்கா லீவு போட்டிருக்கிறார். தேவாலாவில் முதல் பஸ் ஏறி, கூடலூர், ஊட்டி, மேட்டுப்பாளையம் வழியாகத் திருப்பூர். ராக்கு இருக்கும் இடம் பற்றி எங்களிடம் இருப்பது, சரோஜா அக்காவுக்கு நினைவிருக்கிற ஒரு கம்பெனியின் நீலக் கதவு மட்டும். “திருப்பூர்ல நீலக் கதவு ஒண்ணே ஒண்ணுதான் இருக்குமா தம்பி?” என்று கேட்டுவிட்டு, அவரே சிரித்தார். அத்தா ஒரு சின்ன ஒலிபெருக்கியைக் கடையிலிருந்து எடுத்து வைத்திருக்கிறார். சாயங்காலம் வேலை விடும் நேரத்தில் கம்பெனி கம்பெனியாக வாசலில் நின்று அந்தப் பாட்டைப் போடுவதாகத் திட்டம். முதல் மூன்று அடி மட்டும். நாலாவது அடியை அந்தக் கூட்டத்தில் யார் ராக்குவின் தொனியில் பாடுகிறாரோ அவரைப் பிடிக்க வேண்டும்.

ராக்கு கிடைத்தால், வெட்டாத பதிவைப் போட்டுக் காட்டி, வெட்டியவன் நான்தான் என்று முதலில் சொல்ல வேண்டும். திட்டட்டும். பிறகு மலர் அக்கா பெயர் கூப்பிடுவார். நிரலில் மூன்று பேர் குரல் கொடுத்து மூன்று கட்டம் நிறைந்திருக்கிறது, நாலாவதில் ஒன்றும் இல்லை. அந்தக் குரல் வரும்வரை என் விரல் பொத்தான் பக்கம் போகாது.